போத்தல் ஃபெல்ட்டா, மரநார்ப் பலகையா, தேங்காய் நாரா? நம் ஊர் ஈரத்தைத் தாங்கும் ஒலியடக்கச் சுவர்

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் கடை மாடிகளில் டியூஷன் நடத்துகிறவர்களின் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ‘ல’வும் ‘ழ’வும் ஒன்றாகவே விழுகிறது. ஆசிரியரின் உச்சரிப்பில் குறையில்லை. டைல்ஸ் தரை, பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் கூரை எனச் சுற்றிலும் ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகள். முதல் எழுத்தின் முழக்கம் அடங்குமுன் அடுத்த எழுத்து வந்து அதன்மேல் ஏறிவிடுகிறது.

இதற்குச் சுவரில் ஒலி உறிஞ்சும் பலகை பதிப்பதுதான் வழி. ‘மறுசுழற்சி’, ‘இயற்கை நார்’, ‘பசுமை’ என்று முத்திரை குத்திய பலகைகள் இன்று கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் எந்தப் பொருளை வாங்குகிறோம் என்பதைவிட, அந்தப் பலகைக்குப் பின்னால் என்ன விடுகிறோம் என்பதே பலனையும் ஆயுளையும் முடிவு செய்கிறது. இந்தக் கட்டுரை அதை வைத்தே பொருள்களை எடை போடுகிறது.

முதலில் ஒரு தெளிவு. இந்தப் பலகைகள் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியை நிறுத்தாது. சுவரைத் தாண்டி வரும் சத்தத்தைத் தடுக்கக் கனமும் இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும். பிளாஸ்டிக் போத்தலை நாராக்கிச் செய்யும் 9 மி.மீ. ஃபெல்ட் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு கிலோகூடத் தேறாது. அண்டைவீட்டுச் சத்தத்துக்காக இதை வாங்கப் போகிறீர்கள் என்றால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

ஹார்வர்டின் வாலஸ் சபின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்த சூத்திரம் இன்றைக்கும் போதும்: எதிர்முழக்க நேரம் (ஒலி அடங்க ஆகும் விநாடி) = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உட்கவர்வு. மொத்த உட்கவர்வு என்பது ஒவ்வொரு பரப்பின் சதுர மீட்டரையும் அதன் உட்கவர் எண்ணால் (படும் ஒலியில் அது விழுங்கும் பங்கு) பெருக்கிக் கூட்டியது.

6 மீட்டர் அகலம், 9 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு கடை மாடியை எடுத்துக்கொள்வோம். கன அளவு 162. வெறும் சுவரும் கூரையும் நாலைந்து அலகு உட்கவர்ந்தால் அதிகம். மேசை நாற்காலி, அலமாரி, கொஞ்சம் பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 10 என்று வைத்தால் எதிர்முழக்கம் 2.6 விநாடி. இந்த அளவு வகுப்பறைக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் உச்சம் 0.6 விநாடி. அதற்கு 43.5 அலகு வேண்டும். அதாவது இன்னும் 33.5 சேர்க்க வேண்டும்.

இப்போது பேச்சுக்கு முக்கியமான 500 ஹெர்ட்ஸில் பொருள்களை வைத்துப் பாருங்கள். உட்கவர் எண்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு கொஞ்சம் மாறும். ஒப்பிட இவை போதும்.

சுவரோடு நேராக ஒட்டிய 9 மி.மீ. போத்தல் ஃபெல்ட்டின் எண் ஏறக்குறைய 0.28. தேவைப்படும் பரப்பு 120 சதுர மீட்டர். அறையின் நான்கு சுவரும் சேர்ந்தே 90தான்! அதே ஃபெல்ட்டை 50 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்தினால் எண் 0.65ஐத் தொடும்; 52 சதுர மீட்டர் போதும். பின்னால் 50 மி.மீ. பஞ்சு வைத்த 25 மி.மீ. மரநார்ப் பலகை என்றால் 0.85, 39 சதுர மீட்டர். துணி போர்த்திய 50 மி.மீ. கல்பஞ்சு (பாறையை உருக்கி இழுத்த நார்) என்றால் 35 சதுர மீட்டர்.

ஒரே ஃபெல்ட், ஒரே விலை. இரண்டு அங்குலக் காற்று தேவையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது. காரணம் எளிது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள்கள் அசைவதே இல்லை. அவை அதிகமாக அசைவது சுவரிலிருந்து கால் அலைநீளத் தொலைவில். நார் அங்கே இருந்தால்தான் உராய்ந்து ஆற்றலைத் தின்னும். 500 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தொலைவு 17 செ.மீ., 1000 ஹெர்ட்ஸுக்கு சுமார் 8.6 செ.மீ. சுவரோடு ஒட்டிக் கிடக்கும் 9 மி.மீ. பலகை கீச்சொலியை மட்டும் விழுங்கும்.

விளம்பரத் தாளில் ஒலி உறிஞ்சலைக் காட்டும் என்.ஆர்.சி. எண்ணை நம்பி ஏமாறுவதும் இங்கேதான். அது 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் நான்கின் சராசரி. சோதனையில் எப்படிப் பொருத்தினார்கள் என்று கேளுங்கள். சான்றிதழில் ‘ஏ வகைப் பொருத்தல்’ என்றிருந்தால் நேராகச் சுவரில். ‘ஈ-400’ என்றிருந்தால் பின்னால் 400 மி.மீ. இடைவெளியோடு சோதித்திருக்கிறார்கள், அந்த எண் உங்கள் சுவருக்குப் பொருந்தாது.

இன்னொன்று: பலகை வாங்குமுன் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். பழைய அலுவலகமாக இருந்த மாடிகளில் சட்டத்தில் தொங்கும் மினரல் ஃபைபர் கூரைத் தகடுகள் இருந்தால், 54 சதுர மீட்டருக்கு அதுவே 30 அலகு கொடுத்துவிடும். யாரோ அதைக் கழற்றி ‘இண்டஸ்ட்ரியல் லுக்’ செய்த பிறகுதான் பல அறைகளில் தொல்லை தொடங்குகிறது.

போத்தல் ஃபெல்ட்

குடிநீர்ப் போத்தல் பிளாஸ்டிக்கை நாராக்கி, ஊசியால் குத்திப் பிணைத்து, சூட்டில் இறுக்கிய தகடு. பசை இல்லை, நாற்றம் இல்லை, கரையான் தொடாது, ஈரம் குடிக்காது. 1220 × 2440 மி.மீ. அளவில் ஒரு தகடு ஏறக்குறைய 3 சதுர மீட்டர், நம் கணக்கில் 32 சதுர அடி.

மேலே சொன்ன 52 சதுர மீட்டருக்கு 18 தகடு. சேதாரம் சேர்த்து 20 வாங்குங்கள். பின்னால் 50 × 50 மி.மீ. மருந்தேற்றிய மரச்சட்டம் அல்லது கால்வனைஸ் சேனல், 610 மி.மீ. இடைவெளியில் செங்குத்தாக, 2.4 மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 40. ஒவ்வொரு சட்டத்துக்கும் 600 மி.மீ.க்கு ஒன்றாக ஐந்து திருகு. சட்டத்தைத் தாண்டிச் செங்கல்லில் 40 மி.மீ. இறங்க 90 முதல் 100 மி.மீ. நீளம் வேண்டும். ஆக 200 திருகு, 200 பிளக். 18 தகட்டை வரிசையாக நிறுத்தினால் 22 மீட்டர் ஓடும். அறைச் சுற்றளவே 30 மீட்டர். கதவு, சன்னல், வெண்பலகை போக மிச்சமில்லை. ஆகவே மூன்றில் ஒரு பங்கையாவது கூரையில் தொங்கவிடுவதே நடைமுறை.

வெட்ட, கூரிய கத்தியால் மூன்று இழுப்பு. பிளேடை நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மின்ரம்பம் வைத்தால் விளிம்பு உருகித் திரண்டுவிடும். தகட்டின் முதுகில் அம்புக்குறி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே திசையில் நிறுத்துங்கள். ஒன்று தலைகீழானாலும் சாய்வெளிச்சத்தில் நிறம் வேறாகத் தெரியும், பிறகு எது செய்தாலும் போகாது. எல்லாத் தகடும் ஒரே தொகுதியில் வந்தவையா என்றும் பார்த்து வாங்குங்கள்.

பசுமைக் கணக்கில் இதன் பலவீனம் பிற்பாடு தெரியும். ‘மறுசுழற்சி’ என்று எழுதியிருப்பார்கள். எத்தனை விழுக்காடு என்று எழுதியிருக்க மாட்டார்கள். மீதி புதுப் பிளாஸ்டிக். சுவரில் பசை போட்டு ஒட்டியதைக் கழற்றினால் முதுகெல்லாம் பெயிண்டும் சுண்ணமும் ஒட்டி வரும். அதை யாரும் மறுபடி உருக்கப் போவதில்லை, நேரே குப்பைமேடுதான். திருகில் நிறுத்தியது அடுத்த அறைக்குப் போகும்.

மரநார் சிமெண்டுப் பலகை

நூடுல்ஸ்போல் சீவிய மரநாரைச் சிமெண்டில் புரட்டி அழுத்திய பலகை. நம் ஈரத்துக்கு இதைவிடப் பொறுமையான பொருள் கிடையாது. சிமெண்டின் காரம் பூஞ்சணத்தையும் கரையானையும் அண்டவிடாது. பந்து பட்டாலும் பை உரசினாலும் அசராது. பிள்ளைகள் நடமாடும் இடத்தில் தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை இதையே பரிந்துரைப்போம்.

குறை கனம். 25 மி.மீ. பலகை சதுர மீட்டருக்கு 12 கிலோ அளவில் வரும். 39 சதுர மீட்டர் என்றால் 470 கிலோ. 600 × 1200 அளவில் 55 பலகை, பலகைக்கு ஆறு திருகு. மின்தூக்கி இல்லாத கடை மாடி என்றால் ஏற்றுக்கூலியையும் குத்தகையாளரிடம் முன்னமே பேசிவிடுங்கள். சிமெண்டு என்பதால் உற்பத்தியில் கரிமச் செலவு உண்டு; ஆனால் இருபது முப்பது ஆண்டு அசையாமல் நிற்கும் பொருளை ஐந்தாண்டில் கழற்றும் பொருளோடு நேராக ஒப்பிடக் கூடாது.

கெடுவது எங்கே? பெயிண்டில். நிறம் பிடிக்கவில்லை என்று ரோலரால் எமல்ஷன் அடிப்பார்கள், நார் இடுக்கெல்லாம் அடைந்து ஒலி உறிஞ்சுவது நின்றுபோகும். மெல்லிய நீர்ப் பெயிண்டை ஸ்ப்ரேயில் ஒரு சுற்று, அவ்வளவே. சுவரோடு நேராக அடித்தால் இதன் பலனும் ஃபெல்ட் அளவுக்கே நிற்கும்.

துணி போர்த்திய பஞ்சுச் சட்டம்

பார்க்க எளிமையாக இருக்கும். ஒலிக் கணக்கில் இதுதான் முதலிடம். 600 × 1200 மரச்சட்டத்துக்குள் கன மீட்டருக்கு 60 முதல் 80 கிலோ அடர்த்தியுள்ள 50 மி.மீ. கல்பஞ்சு, மேலே மெல்லிய டிஷ்யூ, அதன்மேல் துணி. சோபா தைப்பவர் ஒருவரே செய்து கொடுப்பார். நம் மாதிரி அறைக்கு 49 சட்டம்.

துணியைத் தேர்வது சுலபம். வாயில் வைத்து ஊதுங்கள்; மூச்சு மறுபக்கம் தடையில்லாமல் போனால் ஒலியும் போகும். போலித்தோலும் முதுகில் ரப்பர் பூசிய திரைத்துணியும் இதில் தோற்றுவிடும். நிரப்பும்போது கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம்; நார் தோலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும்.

கல்பஞ்சு உலையில் உருகுவது. பசுமை என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். பழைய கண்ணாடி கலந்த கண்ணாடிப் பஞ்சும், ஃபார்மல்டிஹைடு இல்லாத பிணைப்பும் கிடைக்கின்றன, கேட்டு வாங்கலாம். அதைவிட முக்கியம், இந்தச் சட்டங்களைச் சாய்வாக அறுத்த இரண்டு மரக்கட்டைகளால் கொக்கி போல மாட்டலாம். ஈராண்டு மூவாண்டு வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் கடைக்கு, கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய பலகையைவிடப் பசுமையான பலகை இல்லை என்பதே எங்கள் தீர்ப்பு. துணி அழுக்கானால் துணியை மட்டும் மாற்றலாம்.

மரச்சட்ட பேனல்

கோண்டோ வரவேற்பறைகளில் இப்போது காணும் வரிவரியான மரச்சட்டம், 9 மி.மீ. ஃபெல்ட்டின்மேல் எம்.டி.எஃப். (மரநாரைப் பசையில் அழுத்திய பலகை) கீற்றுகள் ஒட்டியது. அழகுக்கு முழு மதிப்பெண். சுவரில் நேராக ஒட்டினால் ஒலிக்கு அரை மதிப்பெண், 45 மி.மீ. சட்டம் வைத்துப் பின்னால் பஞ்சு அடைத்தால் நன்றாக வேலை செய்யும்.

எம்.டி.எஃப்.பில் மலேசியாவுக்கு ஒரு நல்ல கதை உண்டு. பால் வடிந்து ஓய்ந்த, 25, 30 வயதுப் பால்மரம் மறுநடவுக்காகச் சாயும்போது ஒருகாலத்தில் கொளுத்தப்பட்டது; இன்று அதன் மரம் பலகையாகிறது. உள்ளூர் ரப்பர் மரம் என்றால் காட்டை அழித்தது அல்ல என்ற அளவில் நிம்மதி. பசையிலிருந்து கசியும் ஃபார்மல்டிஹைடு இ1 தரத்தின் வரம்பைத் தாண்டக் கூடாது. ஏர்கோன் தண்ணீர் ஒழுகும் சுவரிலும், குளியலறைச் சுவரின் மறுபக்கத்திலும் வைக்காதீர்கள். விளிம்பு ஒருமுறை ஈரம் குடித்து உப்பினால் திரும்ப அடங்காது.

தேங்காய் நார், இலவம் பஞ்சு, செம்பனை நார்

மனசுக்குப் பிடித்தவை இவைதாம். யூ.கே.எம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேங்காய் நாரின் ஒலி உறிஞ்சலை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். பின்னால் காற்று இடைவெளி விட்டால் தாழ்ந்த ஒலிகளிலும் பலன் கூடுகிறது. தேங்காய் நாரில் லிக்னின் மிகுதி. அதனால் மற்ற இயற்கை நார்களைவிட மெதுவாகவே மக்கும். இயற்கை ரப்பர் பாலில் பிணைத்த நார்த்தகடு மெத்தைக்காரரிடமே கிடைக்கும், 50 மி.மீ. தகட்டைச் சட்டத்தில் அடைத்துத் துணி போர்த்தினால் வீட்டு அறைக்கு நல்ல பலகை. ஒரே விதி: வாங்கியதும் நன்றாக வெயிலில் காயவையுங்கள், பிறகு மூக்கில் வைத்துப் பாருங்கள். மண்வாசனை அடித்தால் உள்ளே பூஞ்சணம் தொடங்கிவிட்டது. துணி போர்த்தி மூடினால் இரண்டு மாதத்தில் அறையே நாறும்.

பொது இடத்துக்கு மட்டும் வேண்டாம். நாரும் ரப்பரும் நன்றாகவே எரியும்; தீத்தடுப்பு ஏற்றிச் சோதித்த சான்றிதழோடு வருவது அரிது. செம்பனைக் குலை நாரின் கதையும் அதேதான்: ஆய்வகத்தில் தேறியது, கடையில் சான்றோடு கிடைக்கவில்லை. இலவம் பஞ்சு அருமையாக உறிஞ்சும். ஆனால் திரண்டு கீழே இறங்கும், நெருப்பு என்றால் ஓடிப் பிடிக்கும். அதற்குச் சான்றிதழ் வரட்டும் என்று இருந்தால் இலவு காத்த கிளிதான்.

கார்க் பற்றிச் சுருக்கமாக. மரத்தை வெட்டாமல் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிப்பது உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் சுவரில் ஒட்டும் 3, 6 மி.மீ. கார்க் ஓடு பேச்சொலியில் சொல்லிக்கொள்ளும்படி எதையும் உறிஞ்சாது. கால்மிதிச் சத்தம் கீழே போகாதிருக்கத் தரைக்கு அடியில் போடுவதுதான் அதன் இடம். முட்டைத்தட்டு வடிவ ஸ்பாஞ்சை வாங்கவே வாங்காதீர்கள். நம் ஈரத்தில் சில ஆண்டில் பொடியாக உதிரும், தீயில் நச்சுப் புகை கக்கும்.

சுவரின் ஈரம்

கோலாலம்பூர் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியது. ஏர்கோன் ஓடி 22 பாகைக்குக் குளிர்ந்த சுவரை வெளிக்காற்று தொட்டால் பனிபோல வியர்க்கும். மூச்சுவிடாத வினைல் சுவர்த்தாளுக்குப் பின்னால் இளஞ்சிவப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் கிளம்புவது இதனால்தான். பலகையை நேராக ஒட்டினாலும் இதே கதி. மேலும் கீழும் 10 முதல் 15 மி.மீ. திறந்த விளிம்போடு 50 மி.மீ. இடைவெளி விட்டால் சுவர் காயும். ஒலிக்காக விட்ட காற்றே சுவரையும் காக்கிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒருநாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பலகையும் வேண்டாம்.

பினாங்கில், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் இது இன்னும் கடுமை. அவை சுண்ணச் சாந்துச் சுவர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைப் பரப்பு வழியே வெளியே விட்டுத்தான் உயிர் வாழ்கின்றன. அதன்மேல் பசை பூசி ஃபெல்ட் ஒட்டினால் ஈரம் பலகையின் உச்சிவரை ஏறி, உப்புப் பூத்து, சாந்தோடு சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். அங்கே சுவரைத் தொடாமல், உத்திரத்திலிருந்து தொங்கும் பலகைகளும் தரையில் நிற்கும் தட்டிகளும்தான் சரி. மரபுப் பகுதிக்குள் உள்வேலைக்கும் மாநகர் மன்றத்திடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

தீச்சான்றிதழ்

டியூஷன் நிலையப் பதிவுக்குத் தீயணைப்பு மீட்புத் துறையின் ஆதரவு வேண்டும். உணவகத்துக்கும் உரிமத்தின்போது கேள்வி வரும். சுவர்ப் பரப்பில் தீ எளிதில் பரவாது என்று காட்டும் ‘கிளாஸ் ஓ’ சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். சான்றிதழில் இருக்கும் தடிமனும் பொருத்தும் முறையும் நீங்கள் செய்வதோடு ஒத்துப்போக வேண்டும்: சிமெண்டுப் பலகையில் நேராக ஒட்டிச் சோதித்த ஃபெல்ட், காற்று இடைவெளியோடு நிற்கும்போது வேறு மாதிரி எரியும். இரண்டு சோதனையும் உள்ள தயாரிப்பைத் தேடுங்கள். கோண்டோவில் நிர்வாகத்தின் அனுமதிக் கடிதமும் சேர்த்து.

எந்த அறைக்கு எது

டியூஷன் மாடிக்கு: கூரையில் இடைவெளியோடு மரநார்ப் பலகை அல்லது ஃபெல்ட், சுவரில் ஒரு மீட்டருக்குமேல் துணிச்சட்டம். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டில் ஒன்றையாவது மூடினால்தான் கைதட்டும்போது கேட்கும் ‘டர்ர்’ என்ற படபடப்பு போகும்.

மிருதங்க வகுப்புக்கு 9 மி.மீ. ஃபெல்ட்டை நான்கு சுவரிலும் ஒட்டுவது பெரும்பிழை. வலந்தலையின் சாப்பு மங்கி, தொப்பியின் கும்கும் மட்டும் அறையில் உருண்டுகொண்டிருக்கும். மாணவன் வலது கையை இன்னும் பலமாக அடிக்கத் தொடங்குவான். இங்கே பரப்பைக் குறைத்துத் தடிமனைக் கூட்டுங்கள்: அறையின் நான்கு மூலையிலும் தரையிலிருந்து கூரைவரை 100 மி.மீ. கல்பஞ்சு, சுவரில் ஆங்காங்கே 50 மி.மீ. சட்டம். பரதநாட்டியத்தின் தட்டடவு கீழ்மாடியை எழுப்பினால் அதற்குச் சுவரில் மருந்தில்லை, தரையில்தான் வேலை.

வாழையிலை உணவகத்தில் தாளிப்புப் புகை போகும் இடமெல்லாம் ஃபெல்ட்டும் துணியும் எண்ணெய் குடிக்கும். ஆறு மாதத்தில் சுவரே மசாலா மணக்கும். சமையலறைப் பக்கம் ஒன்றும் வேண்டாம். சாப்பாட்டுக் கூடத்தின் கூரையில் கழற்றிக் கழுவும் உறையோடு தொங்கவிடுங்கள்.

வீட்டில் 3 × 3 மீட்டர் அலுவல் அறைக்கு நான்கு சதுர மீட்டர் போதும். கட்டில், திரைச்சீலை, புத்தக அலமாரி மீதியைப் பார்த்துக்கொள்ளும். தேங்காய் நார்ச் சட்டத்தை முயன்று பார்க்க இதுவே தோதான இடம். ஆறு சட்டம் செய்து, நாற்காலியில் உட்கார்ந்தால் காது வரும் 1.2 மீட்டர் உயரத்தை நடுவாக வைத்து மாட்டுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒன்றைக் கழற்றி முதுகைத் தடவிப் பாருங்கள். கை பிசுபிசுத்தால் மீதி ஐந்தையும் அன்றே வெயிலில் போடுங்கள்.